எந்திரம் வையுங்கள் என்றார் பூசாரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், அம்மனை நினைப்பேன், சிரிப்பு வந்துவிடும், வைத்துவிடுவேன். சாமி காரியத்தைச் சிரித்துக்கொண்டே எழுதினால் குற்றமாகுமோ என்று ஒரு பயம். எட்டாவது வரை படித்தவளுக்கு இது எதற்கு என்று நாலு பேர் கேட்பார்களோ என்று இன்னொரு பயம். போன ஆடி வெள்ளியில் கன்னியம்மாவுக்குக் கற்பூரம் ஏற்றும்போது, "தாயே, நடந்தத நடந்த மாதிரியே எழுதறேன், நீயும் கொஞ்சம் சிரிச்சிக்கோ" என்று கேட்டுக்கொண்டேன். காற்று அடித்தும் கற்பூரம் அணையவில்லை. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அந்த வருஷம் மல்லாட்டை போட்டிருந்தோம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். செடியைப் பிடுங்கிக் குவித்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காய் ஆய்ந்து முடித்த நாள் அது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளிக்கப் போனேன். மஞ்சள் கயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டு கையோடு வந்தது. கயிறு மட்டும்தான் வந்தது. தாலிப் பொட்டும் இல்லை, அதற்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் கோத்திருந்த பொன் குண்டும் இல்லை.

தலையில் ஊற்றிய தண்ணீரோடு அப்படியே நின்றேன். என் மாமியார்தான் ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே போய் ஒரு விரலி மஞ்சளை எடுத்துப் புதுக் கயிற்றில் கட்டி, சாமி படத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் கையால் கட்ட வைத்தார்.

"அழுவாத. மஞ்சளும் தாலிதான். ஆனா அந்தப் பொட்டு நம்மளுது, வந்துரணும்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு அர்த்தம் உண்டு. அந்தப் பொட்டு, எங்கள் கல்யாணத்தின்போது அவருடைய கம்மலை அழித்துச் செய்தது. அதற்கப்புறம் அவர் காதுக்குப் பொன்னே போடவில்லை. என் கழுத்தில் இருந்தது அவர் காதில் இருந்ததுதான்.

தேடுவதற்கு நாள் இல்லை. அடுத்து நெல் வைக்க வேண்டும். டிராக்டர்காரரிடம் திங்கட்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்தோம். அவர் ஊர் ஊராகப் போகிறவர். விட்டால் மறுபடி எப்போது வருவாரோ தெரியாது, ஏரித் தண்ணீரும் காத்திருக்காது. மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் ஒரு முறை நிலத்தில் இறங்கிவிட்டால் பொட்டு எந்த மூலைக்குப் போகும், எந்தக் கத்தியில் சிக்கி நசுங்கும், யாருக்குத் தெரியும்? வேப்பமரத்தடி மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தோம். கல்லும் கடலைத் தோலும்தான் மிச்சம்.

கடைசியில் மூன்று பேருமாக அம்மன் கோயில் பூசாரியிடம் குறி கேட்கப் போனோம். அவர் கண்ணை மூடினார், வேப்பிலையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எங்கியும் போவல. உங்க நெலத்துலதான் கீது. எந்திரம் வையுங்க, தானா வெளிய வரும்" என்றார். அதற்குள் அடுத்தவர் சேவலோடு உள்ளே வந்துவிட்டார். எங்களைப் போகச் சொல்லிக் கையை அசைத்தார்.

வழியெல்லாம் மாமியார் வாயே திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் முகம் மலர்ந்து வந்தார்.

"பாத்தியா? நான் ஃபோன்ல அன்னிக்கே காட்டல? மிஷினு வெச்சி காசு, மோதரமெல்லாம் கண்டுபுடிக்கிறானுங்க. பூசாரியே எந்திரம்னு சொல்லிட்டாரு!"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அன்று என் மனசு இருந்த இருப்புக்குத் தையல் மிஷின் வைத்துத் தேடலாம் என்றிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

ஆள் கிடைத்தார். வீட்டு மனைகளில் பள்ளம் எடுப்பதற்கு முன்னால் மண்ணுக்குள் எங்கே பழைய குழாய் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லும் ஒரு தம்பி. என்னைவிட வயதில் சின்னவர், பேச்சில் பெரியவர். ஃபோனில், "ரெண்டு காயிலும் எடுத்துக்கினு வரேண்ணா" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "பட்டப்பகல்ல கொசுவத்தி எதுக்குடா நைனா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாஷ்டாவை முடித்துக்கொண்டு நிலத்துக்கு வந்தார் தம்பி. கோணிப்பையிலிருந்து ஒரு கம்பு, ஒரு சின்னப் பெட்டி, இரண்டு தட்டு எடுத்து வரப்பில் வைத்தார். கம்பின் நுனியில் மாட்டி, மண்ணை ஒட்டி வீசுகிற தட்டுத்தான் காயில். ஒன்று முறம் அளவுக்குப் பெரியது, கொஞ்சம் நீளவாக்கு. உள்ளே இரண்டு இங்கிலீஷ் 'D' எழுத்து முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருக்குமாம். இன்னொன்று மத்தியானச் சாப்பாட்டுக் கிண்ணத்தை மூடுகிற தட்டு மாதிரி சின்னது, வட்டமானது. உள்ளே வளையத்துக்குள் வளையம்.

"எது நல்லாக் கண்டுபுடிக்கும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"எதத் தேடறீங்கன்றத பொறுத்துதுண்ணா. பெருசு ஆழமா பாக்கும், ஒரு வீச்சுக்கு நெறைய எடம் புடிக்கும். மத்தியானத்துக்குள்ள மொத்த நெலமும் முடிஞ்சிரும். சிறுசு அவ்ளோ ஆழம் போவாது. எடமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் புடிக்கும். ஆனா..."

'ஆனா'வுக்கு அப்புறம் என்ன என்று கேட்க என் வீட்டுக்காரருக்குப் பொறுமை இல்லை. ஆழம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முடிவு செய்துவிட்டார். "பெருசையே மாட்டு தம்பி."

மாட்டினார். வீசினார். கத்தியது. கிடைத்துவிட்டது என்று ஓடினேன். தோண்டினால் டிராக்டர் நட்டு. இன்னொரு சத்தம், மண்வெட்டித் துண்டு. இன்னொன்று, பாக்குப் பொட்டலத்தின் ஜரிகைக் காகிதம். அப்புறம் வரப்போரமாக வரிசையாகப் பாட்டில் மூடிகள்.

"இது யாருதுங்க?" என்றேன்.

"காத்துல பறந்து வந்திருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இரும்பு மூடி பறந்து வருமா?"

"ஆடி மாசக் காத்து தெரியாதா ஒனக்கு?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டு மண்ணைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

கொஞ்சம் தள்ளி, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி கனமான ஒரு சத்தம். "ஆழத்துல கீதுண்ணா. இரும்பு மாதிரிதான் காட்டுது" என்றார் தம்பி. என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் முழுகும் அளவுக்குத் தோண்டினார். எந்தக் காலத்திலோ ஒடிந்து புதைந்த ஏர்க்கொழு வந்தது. வேர்த்து விறுவிறுத்து அதை எடுத்துக் காட்டினார்.

"ஏங்க, போன வாரம் விழுந்த தாலி முழங்கால் ஆழத்துக்கா போவும்? அது இன்னா கெழங்கா, கீழ எறங்கறதுக்கு?" என்றேன்.

"நீ சும்மா இரு. பேஜார் பண்ணாத."

இப்படியே போய் நிலத்தின் சனி மூலைக்கு வந்தோம். வடகிழக்கு மூலையை அப்படித்தான் சொல்வோம். அங்கே மஞ்சள் பூசிய ஏழு சின்னக் கற்கள் உண்டு, கன்னியம்மா. தட்டு அந்தப் பக்கம் போனதும் மணி அடித்த மாதிரி கணீரென்று ஒரு சத்தம். தம்பி முகமே மாறிவிட்டது.

"அண்ணே, இது இரும்பு இல்ல. நல்ல சத்தம்."

நான் செருப்பை உதறிவிட்டு மண்டி போட்டுவிட்டேன். கையாலேயே மண்ணை விலக்கினார் என் வீட்டுக்காரர். நாலு விரல் ஆழத்தில் பளபளவென்று ஒரு செப்புத் தகடு. மேலே கட்டம் கட்டமாகக் கோடு, எழுத்து.

நாங்கள் எழுந்து நிற்பதற்குள் அடுத்த நிலத்து அக்கா வரப்பில் நின்று குரல் கொடுத்துவிட்டார்.

"செப்பேடு கெடச்சிக்கீது! சோழர் காலத்து செப்பேடு! அடியில பானை இருக்கும், நல்லாத் தோண்டிப் பாருங்க!"

எங்கள் ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயில் கல்லில் சோழர் எழுத்து இருக்கிற ஊர். செம்பில் எழுத்து வந்தால் சும்மா இருப்பார்களா? பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள், ஆடு மேய்த்தவர்கள், கோயிலுக்குப் போனவர்கள் எல்லாம் வரப்பில் வந்து நின்றார்கள். யாரோ தலையாரிக்கே ஃபோன் போட்டுவிட்டார்கள். அவர் வண்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு வேகவேகமாக வந்தார்.

"யாரும் கை வெக்காதீங்க. புதையல்னா கவர்மெண்டுக்குச் சொல்லணும், தெரியுமில்ல?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து தகட்டைப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடியும் படித்தார்.

"இன்னாயா இது? உன் பேரு போட்டிருக்குது. பூச நட்சத்திரம்னு போட்டிருக்குது. சோழனுக்கு உன்ன எப்படித் தெரியும்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கூச்சல். என் மாமியார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்.

"டேய்! என் எந்திரத்த எடுக்காதீங்கடா! அய்யோ, வெயிலு பட்டுடுச்சே!"

விஷயம் இதுதான். பூசாரி சொன்னது எந்திரத் தகடு. மந்திரம் எழுதிப் பூஜை போட்டுப் புதைப்பார்களே, அந்த எந்திரம். மாமியார் சரியாகப் புரிந்துகொண்டு மறுநாளே தகடு வாங்கிவந்து, யாருக்கும் சொல்லாமல் புதைக்க வேண்டும் என்பது முறையாதலால், எங்களுக்கும் சொல்லாமல் புதைத்திருக்கிறார். அவர் மகன் கேட்டதும் எந்திரம்தான், ஆனால் பேட்டரி போட்ட எந்திரம். ஒரே வார்த்தையைத் தாயும் பிள்ளையும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"சாமி சொன்ன எந்திரம்னா இதானேடா? கொசுவத்தி மிஷினா சொல்லுவாரு?" என்று கேட்டபடியே மாமியார் தகட்டை என் வீட்டுக்காரர் கையிலிருந்து பிடுங்கி, முந்தானையால் துடைத்து, அதே குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, மேலே காலால் அழுத்தியும் விட்டார். தம்பி, "ஆயாம்மா, ஒரு நிமிஷம், குழியில இன்னொரு தடவ..." என்று வாயெடுத்தார். மாமியார் பார்த்த பார்வையில் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அடுத்த நிலத்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "மாமியா பொதைக்க, மவன் தோண்ட, நல்ல குடும்பம்டி ஒங்குளுது!"

பாவம், அவர் நின்ற இடம் சரியில்லை. நகர்ந்து போன தம்பி பழக்கத்தில் வரப்போரம் தட்டை வீச, அந்த அக்காவின் காலடியிலேயே அதே மணிச் சத்தம். தோண்டினார்கள். இன்னொரு தகடு, கொஞ்சம் பழசு, பச்சை பிடித்தது. தலையாரி இதற்குள் நன்றாகப் பழகிவிட்டார், தானே எடுத்து உரக்கப் படித்தார். அந்த அக்கா வீட்டுக்காரர் பெயர், நட்சத்திரம், கீழே 'கண் திருஷ்டி விலக'. தகட்டின் முகம் எங்கள் நிலத்தைப் பார்த்து இருந்தது.

அந்த அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"எங்க கண்ணு அவ்ளோ கெட்ட கண்ணாக்கா?" என்றேன் நான்.

"அது... அது காத்துல பறந்து வந்திருக்கும்டி" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். பாட்டில் மூடிக்குத் துணை கிடைத்த சந்தோஷம் அவருக்கு. தலையாரி, "புதையல்னு இனிமே எவனாவது ஃபோன் பண்ணுங்க, அப்ப பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார். கூட்டமும் கலைந்தது.

சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நிலம் முழுக்க முடிந்துவிட்டது. காலையில் டிராக்டர் வரும். கழுத்தில் மஞ்சள் கனக்கவே இல்லை, அதுதான் கனமாக இருந்தது. வேப்பமரத்தடியில் தம்பிக்கு மோர் கொடுத்தேன். "அப்ப ஒண்ணுமே இல்லியா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லன்னு சொல்ல முடியாதுக்கா. நான் காலையிலயே சொல்ல வந்தேன், அண்ணன் உடல. பெரிய தட்டுல ஒரு கஷ்டம் கீது. எடம் நெறைய புடிக்குது இல்ல, அதனால ஒரே நேரத்துல ரெண்டு மூணு சாமான் அதுக்கடியில வந்துரும். பெரிய சாமான் போடுற சத்தத்துல சின்ன சாமான் சத்தம் அமுங்கிப்பூடும். ரெண்டு பேரு ஒண்ணா பேசுனா ஓங்கிப் பேசறவங்க குரல் மட்டும் கேக்குது பாருங்க, அந்த மாதிரி."

"எங்க வூட்டு அடுப்பங்கர மாதிரி" என்றேன்.

"இன்னாக்கா?"

"எங்க அத்தை பேசும்போது நான் பேசறது யாருக்குத் தம்பி கேக்குது?"

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. அத்தையின் தகடு. அது போட்ட சத்தம். அந்தச் சனி மூலை. அன்று காலையில் செடி பிடுங்க ஆரம்பிக்கும் முன்னால் அங்கேதானே கற்பூரம் ஏற்றி மண்டி போட்டு, நெற்றி மண்ணில் பட விழுந்து கும்பிட்டேன்? நாள் முழுக்க உட்கார்ந்த வேப்பமரத்தடி நினைவுக்கு வந்தது, ஒரு நிமிஷம் விழுந்து கும்பிட்ட இடம் நினைவுக்கு வரவில்லை. சாமி கும்பிட்ட இடத்தில் எதுவும் தொலையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"தம்பி, அந்தச் சின்னத் தட்ட மாட்டு" என்றேன்.

"அந்தச் சின்னதா? அதுக்கு ஆழமே கெடையாது" என்றார் படுத்திருந்த என் வீட்டுக்காரர்.

"நமக்கு ஆழம் வாணாங்க. அவ்ளோ ஆழத்துல நான் கும்புடல."

சின்னத் தட்டை மாட்டியதும் முதலில் அது சும்மா சும்மா முணுமுணுத்தது. எங்கள் மண் செம்மண் கலந்த சரளை. மண்ணில் இருக்கிற இரும்புக்கு இந்த வட்டத் தட்டு அப்படித்தான் பேசுமாம். இரண்டு 'D' போட்ட தட்டு அதைக் கண்டுகொள்ளாதாம். தம்பி பெட்டியில் எதையோ திருகி அதை அடக்கினார். அப்புறம் வீச ஆரம்பித்தார், பெரிய தட்டை வீசிய மாதிரி அகலமாக.

"அக்கா, இத நெருக்கி நெருக்கி வீசணும். இதோட பார்வ கீழ போவப்போவ புனலு மாதிரி குறுகிப்பூடும். விட்டு விட்டு வீசுனா நடுவுல பாக்காத எடம் நின்னுரும்" என்று அவரே சொல்லிக்கொண்டு நிதானமானார்.

எனக்கு அது உடனே புரிந்தது. தரை மெழுகும்போது ஒரு கை வீச்சின் பாதி மேல் அடுத்த வீச்சு ஏற வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த பிறகு கோடு தெரியும். "மெழுகற மாதிரி போ தம்பி" என்றேன். மெழுகினார்.

தகடு இருந்த இடத்தில் மணிச் சத்தம் வந்தது. தட்டை ஒரு சாண் தள்ளினார். சத்தம் நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். மெல்லிசாக, கொசு காதோரம் போகிற மாதிரி ஒரு சத்தம்.

தோண்டவே இல்லை. மாமியாரே உட்கார்ந்து விரலால் மண்ணைக் கீறினார். நகத்தில் மஞ்சளாக ஏதோ மின்னியது. பொட்டுதான், மண் அப்பிக்கொண்டு. அதை ஒட்டி ஒரு குண்டு. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கன்னியம்மா கல்லின் மேல் வைத்து எடுத்து, தன் காதருகே ஒரு தடவை கொண்டுபோனார். தெரியாமல் கை போனதோ என்னவோ. பிறகு என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

அதற்கப்புறம் வீட்டில் சண்டை ஓயவில்லை.

"எந்திரம் புடிச்சி வெச்சிருந்துச்சு பாரு. நகரவே உடல" என்றார் மாமியார்.

"யம்மா, உன் எந்திரம்தான் மறைச்சிக்கினு இருந்துச்சு. என் எந்திரம்தான் கண்டுபுடிச்சுது" என்றார் மகன்.

பூசாரியிடம் மாவிளக்கோடு போனபோது இரண்டு பேரும் தங்கள் பக்கம் தீர்ப்பு கேட்டார்கள். அவர் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் எந்த எந்திரம்னு சொன்னனா?" என்றார். எனக்கு மட்டும் அம்மன் முகத்தில் ஒரு சிரிப்பு தெரிந்தது. அவளுக்கு இந்த எந்திரம், அந்த எந்திரம் என்று கணக்கு உண்டா என்ன?

இன்னொரு குண்டு மட்டும் கிடைக்கவில்லை. சின்னத் தட்டால் வெளிச்சம் போகிறவரை தேடினோம். காலையில் டிராக்டர் வந்தது, நெல் வைத்தோம். பொட்டை ஒற்றைக் குண்டோடு கோத்துக்கொண்டேன், பிறகு இன்னொன்று செய்து போட்டோம். அந்தக் குண்டு கன்னியம்மாவுக்கு என்று விட்டுவிட்டோம்.

ஆனால் ஊர் விடவில்லை. அறுவடைக்கு முன்பே திருமுக்கூடலிலிருந்து ஒரு உறவுக்காரர் வந்து, "உங்க நெலத்துல பானை நெறைய பொன்னு கெடச்சுதாமே, எங்க கிட்டயும் மறைக்கறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு காப்பி குடிக்காமல் போனார். உத்திரமேரூர்ச் சந்தையில் அது இரண்டு பானையாகியிருந்தது. தகட்டில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது போய், அவர் சோழர் வம்சம் என்று ஆகிவிட்டது. அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் நடையே வேறு.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருந்தது இருந்தபடி சொல்லுங்கள். பானை சேர்க்க வேண்டாம். பொட்டு ஒன்று, குண்டு ஒன்று கிடைத்தது. கிடைக்காத குண்டு மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதைத் தேடி யாரும் பெரிய தட்டு எடுத்துக்கொண்டு எங்கள் நெல்லில் இறங்கிவிட வேண்டாம். அதில் அது கேட்காது.